ஏரிக்குள் போன பூரான்

உத்திரமேரூர் டூரிங் டாக்கீஸில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கிலீஷ் படம் ஓடினால் மைக்கில் கதை சொல்ல ஒருவர் வருவார். ஒல்லியான ஆள். வெயில் காலத்திலும் கழுத்தில் மஃப்ளர் இருக்கும். பேசுவதற்கு முன் மைக்கை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

ஒருமுறை ராட்சதப் பூரான் படம் வந்தது. ரயிலையே சுற்றி நொறுக்கும் அந்தப் பூரானைக் கடைசியில் பட்டாளம் பீரங்கியால் சுட்டுக் கொன்றுவிடும். திரையில் அது செத்துக் கிடக்கும்போது இவர், "தப்பிச்சிக்கினு நம்ம ஏரிக்குள்ள பூந்துடுச்சி!" என்பார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து ஓசியில் ஸ்பீக்கரை மட்டும் கேட்டவர்கள் நம்பிவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் ஏரிக்கரையை விட்டு வயலைச் சுற்றிப் போனார்கள்.

"இன்னாண்ணா, அதான் செத்துப்பூடுதே? உயிரோட கீதுன்னு ஏன் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"உள்ள கீறவன் கண்ணால பாக்கறான். வெளிய கீறவன் டிக்கெட் எடுத்து வந்து பாக்கட்டும். பயம் தெளிஞ்சிடும்."

வியாபாரம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னபடியே சிலர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். பூரான் செத்ததைப் பார்த்துவிட்டு ஏரிக்கரை வழியாகவே வீட்டுக்குப் போனார்கள்.

கடைசி ஆட்டம் வந்தது. மறுநாள் கொட்டகையைப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோகிறோம். இனி டிக்கெட் வாங்க யாரும் வரப்போவதில்லை. பீரங்கி வெடித்தது, பூரான் சுருண்டு விழுந்தது. அவர் மைக்கை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"போயிடுச்சி. நம்ம ஏரிக்குள்ள போயிடுச்சி," என்றார்.

அன்றைக்கு யாருக்காக அதைக் காப்பாற்றினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.