வேர்வை படாமல் வந்த சேட்டு

எல்லாரும் படைத்தவனிடமே திரும்ப வேண்டியவர்கள். எங்கள் ராத்தா எங்களுக்கு முன்னால் திரும்பிவிட்டார். இன்றோடு நாற்பது நாள்.

நாற்பதாம் நாளுக்கு அடித்த இந்தப் புத்தகத்தின் முன்பக்கங்களில் யாஸீன் இருக்கிறது. அதை ஓதிவிட்டு இதை வாசியுங்கள். மௌத்தானவரைப் பற்றி இப்படியெல்லாம் எழுதிப் போடுவது தேவையா என்று குடும்பத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். ராத்தா உயிரோடு இருந்தபோது நீங்கள் அவரைப் பற்றிப் பேசியதெல்லாம் தேவையாக இருந்ததா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதனால் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதத் தெரியும்.

ராத்தா மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அவர் மூத்த பிள்ளை, நான் கடைசி. என்னைப் பெற்ற கையோடு உம்மா மௌத்தாகிவிட்டார். அன்றோடு ராத்தா பள்ளிக்கூடத்தை விட்டார். கணக்கில் வகுப்பிலேயே முதல் பிள்ளையாம். எனக்குப் பால் கரைக்கவும் சோறு ஊட்டவும் வேறு ஆள் இல்லாததால் அந்தப் படிப்பு அங்கேயே நின்றது.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில், முஸ்லிம்கள் என்று எங்களை ஊரோடு விரட்டினார்கள். வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது நான் ராத்தாவின் இடுப்பில் இருந்தேன். அவருடைய மற்றக் கையில் தையல் மெஷினின் தலைப்பகுதி மட்டும் இருந்தது. மெஷினின் காலைக் கொண்டுவர வள்ளத்தில் இடமில்லை. பிறகு முகாமில் வாப்பா பலகை அடித்து அதற்குக் கால் செய்து கொடுத்தார். கிடுகுக் குடிசையில் மழை ஒழுக ஒழுக ராத்தா அதில் தைத்துத்தான் என்னை வளர்த்தார். வாப்பா முகாமிலேயே மௌத்தானார். பல வருடம் கழித்துத்தான் புத்தளம் தில்லையடியில் ஒரு துண்டுக் காணியும் கல்வீடும் வந்தன.

ராத்தாவைக் கலியாணம் முடித்த மச்சானும் எங்கள் ஊர்க்காரர். மன்னாரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். புத்தளத்தில் அவருக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. இறால் பண்ணையில் சேறு வாரினார். யுத்தம் முடிந்ததும், ஊருக்குப் போய்ப் பழைய வேலையைக் கேட்கப் போகிறேன் என்று சொன்னார். அதற்காகவே ராத்தா அவருக்கு ஒரு வெள்ளைச் சேட் தைத்தார். நல்ல துணி, கழுத்துப்பட்டி விறைப்பாக நிற்கும். ஒரு பெருநாளைக்கு மட்டும் மச்சான் அதைப் போட்டார். வேலை கேட்கப் போவதற்குள் மாரடைப்பு வந்து பண்ணையிலேயே விழுந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

ராத்தா இத்தாவில் உட்கார்ந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வர முடியாது, அந்நிய ஆண்கள் முகம் பார்க்க முடியாது. அந்தக் காலத்தில்தான் நான்காம் வீட்டுப் பெண் ஒருவர் கதவுச் சீலைக்கு வெளியே வந்து நின்றார். நான் முற்றத்தில் இருந்தேன், காதால் கேட்டேன்.

“தங்கச்சி, கேக்க வெக்கமா இருக்கு. உங்கட மாப்பிளைட வெள்ளச் சேட்டு ஒண்டு இருக்குதாமே. மகனுக்கு நாளைக்கு இன்டர்வியூ. அவனுக்கு இருக்கிறது ரெண்டே ரெண்டு டீசேட்டு.”

“மகன்ட அளவு என்ன?”

“நான் என்ன அளவெடுத்துக்கொண்டா வந்தன்? பெரிசெண்டா களிசானுக்குள்ள செருகுவான்.”

“செருகினா வயித்துல தலகாணி வெச்ச மாதிரி இருக்கும். நில்லுங்க.”

மெஷினை எடுக்கவில்லை. கையாலேயே இடுப்பின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய தையலாகப் போட்டு, சேட்டைச் சிறிதாக்கிச் சீலைக்கு அடியால் கொடுத்தார். நூலை இழுத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். அந்தப் பெடியனுக்கு வேலை கிடைத்தது. சேட் திரும்பி வந்த கிழமையே இன்னொரு தாய் சீலைக்கு வெளியே நின்றார்.

தில்லையடியில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சான்றிதழ் இருக்கும், போட்டுக்கொண்டு போக உடுப்பு இருக்காது. முகாம் பிள்ளைகள்தானே என்று வாசலிலேயே பார்க்கிற பார்வைக்கு, வெளுத்த டீசேட்டும் ரப்பர்ச் செருப்பும் போதும். உள்ளே போகுமுன்னே பதில் வந்துவிடும்.

இத்தா முடிந்ததும் ராத்தா செய்த முதல் வேலை, மௌத்து வீடுகளுக்குப் போய் உடுப்புக் கேட்டது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு போவார். மௌத்தானவரின் சேட், காற்சட்டை, சப்பாத்து, பெண்களென்றால் சாரி, அபாயா. எப்படியும் யாருக்காவது கொடுக்கப் போவதுதான், வேலை தேடுகிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்பார். ஒரு வீட்டில் ஒரு பெண் எல்லார் முன்னாலும் சொன்னார்:

“தின்ட சஹன் இன்னும் கழுவல்ல. அதுக்குள்ள உடுப்புப் பொறுக்க வந்திட்டா.”

ராத்தா சட்டைக் கையை மடித்துவிட்டார். “சஹனையும் கழுவித் தாறன். காற்சட்டையையும் தாங்க.”

சொன்னபடி கிணற்றடியில் உட்கார்ந்து அத்தனை சஹன் தட்டையும் கழுவினார். காற்சட்டை மூன்றோடு வந்தார்.

செத்தவர்களின் உடுப்பு என்பதால் எங்கள் வீட்டுக்கு “மையித்துச் சேட்டு வீடு” என்று பெயர் வைத்தீர்கள். மாப்பிளையைத் தின்றவள் மற்றவர்களின் மையித்தையும் விடமாட்டாள் என்றும் ஒருவர் சொன்னார். சொன்னவர் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

இனி என்னுடைய மடத்தனத்தையும் எழுத வேண்டும். மற்றவர்களை மட்டும் திட்டினால் அது நியாயமில்லை.

உயர்தரம் முடித்து நானும் வேலையில்லாமல்தான் இருந்தேன். சிலாபத்தில் ஒரு கம்பனியில் களஞ்சிய வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. ராத்தா அலுமாரியைத் திறந்து மச்சானின் வெள்ளைச் சேட்டையே எடுத்தார். திரும்பி வரும்போது அழுக்காகாமல் இருக்க மாற்றிக்கொள்ளும்படி என்னுடைய டீசேட் ஒன்றைப் பையில் வைத்தார். அது எங்கள் கரம் போர்ட் விளையாட்டுக் கழகத்தின் டீசேட், முதுகில் பெரிய எழுத்தில் கழகத்தின் பெயர்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். பிறகு இரக்கமாகக் கேட்டார்:

“தம்பி, ஆர்ட ஜனாஸா?”

“ஜனாஸா இல்ல காக்கா. இன்டர்வியூவுக்குப் போறன்.”

“அப்ப ஏன் மையித்து வாசம் அடிக்குது?”

பின்சீட்டில் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கும் மணத்தது. கரப்பான் அரிக்காமல் இருக்க ராத்தா அலுமாரித் தட்டு முழுக்கக் கற்பூரம் போட்டு வைத்திருந்தார். நாங்கள் கற்பூரத்தை எங்கே மணக்கிறோம்? மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி இடும்போது. வேறு சனத்துக்கு அது வெறும் மணம். எங்களுக்கு அது கபுறுக்குப் போகிற மணம். கையை அசைத்தால் மச்சானைக் கபனிட்ட அன்று மணத்தது போலவே மணத்தது. சிலாபத்தில் இறங்கினேன். பள்ளிவாசலில் கைகால் கழுவி ஒழுச் செய்கிற இடத்தில் சேட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு, கரம் டீசேட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

உள்ளே இருந்த பெரிய ஆள் சிங்களவர், தமிழ் பேசத் தெரிந்தவர். கடிதத்தைக்கூட வாங்கவில்லை. சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, “மல்லி, கரம் விளையாடவா வந்தது?” என்றார். மற்ற இரண்டு பேரும் குனிந்து சிரித்தார்கள். அவ்வளவுதான் என் நேர்முகப் பரீட்சை.

வீட்டுக்குப் போய்ச் சேட்டைக் கொடுத்தேன். ராத்தா என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சேட்டை விரித்துக் கக்கத்துப் பக்கத்தை முகர்ந்து பார்த்தார்.

“சேட்டு போகல்ல.”

“போனன் ராத்தா. வேல கிடைக்கல்ல.”

“நீ போன. சேட்டு போகல்ல. இன்டர்வியூவுக்குப் போனவன்ட சேட்டு வேர்க்காம வருமா?”

பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். அவர் தைத்த சேட்டை, அவருடைய மாப்பிளையின் சேட்டை, வெட்கப்பட்டுக் கழற்றினேன் என்று சொல்லும்போது என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திட்டுவார் என்று நின்றேன். ராத்தா அலுமாரியைத் திறந்து கற்பூரத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

“கரப்பானுக்கு வெச்சன். கரப்பானும் ஓடிட்டு, நீயும் ஓடிட்ட.”

சிரித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கண் கலங்கியது. எனக்காக இல்லை. அதற்கு முந்திய மாதங்களில் இன்னும் சில சேட்டுகள் அப்படியே, வேர்வை படாமல், மடிப்புக் கலையாமல் வந்திருந்தன. பிள்ளைகள் கவனமாகப் பாவித்திருக்கிறார்கள் என்று அவர் சந்தோஷப்பட்டிருந்தார். அத்தனை பேரும் என்னைப் போல வழியில் கழற்றியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் அவருக்கு விளங்கியது.

அன்றே கற்பூரம் முழுவதையும் எடுத்தார். எல்லா உடுப்பையும் கழுவி மூன்று நாள் வெயிலில் போட்டார். கராம்பையும் கறுவாப்பட்டையையும் சிறிய துணிப்பைகளில் கட்டி அலுமாரியில் தொங்கவிட்டார். அதன் பிறகு எங்கள் அலுமாரியைத் திறந்தால் புரியாணி வீடு மாதிரி மணக்கும். பஸ்ஸில் யாராவது மூக்கை உறிஞ்சினால், கலியாண வீடு எங்கே என்றுதான் கேட்பார்கள்.

அடுத்த கடிதம் புத்தளத்தில் ஓர் உப்புக் கம்பனியிலிருந்து வந்தது. அதே வெள்ளைச் சேட். வாசலில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். முதுகு தெப்பமாக நனைந்தது. வீட்டுக்கு வந்ததும் ராத்தா முகர்ந்தார். “இப்ப போயிருக்கு,” என்றார். வேலை கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

அந்த அலுமாரியிலிருந்து உடுத்திக்கொண்டு போனவர்கள் இன்று பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிறார்கள், வங்கியில் இருக்கிறார்கள், கண்டக்குழியில் உல்லாசப் பயணிகள் தங்குகிற இடங்களில் வரவேற்பில் நிற்கிறார்கள். யாருடைய உடுப்பு என்று போடுகிறவருக்கு ராத்தா சொல்ல மாட்டார். யார் போட்டார் என்று ஊருக்குச் சொல்ல மாட்டார். அதனால்தான் சிலருக்கு வசதியாகப் போயிற்று. எங்கள் வீட்டு உடுப்பில் போய் வேலை எடுத்துவிட்டு, “மையித்துச் சேட்டு” என்று மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவர்களை எனக்குத் தெரியும். பெயர் எழுதமாட்டேன். ராத்தா விடமாட்டார்.

கடைசி இரண்டு வருடம் சீனி வருத்தம் அவரை வாட்டியது. ஒரு கால் விரல்களை எடுத்தார்கள். நடக்க முடியாமல் போனபோதும் கட்டிலில் இருந்தபடி பெரிய தையல் போட்டுக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று என்னிடம் சொன்னது இது: “என்ட உடுப்புகள வேறயா வெச்சிராத. அலுமாரிக்குள்ள போடு.” ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ரூஹு பிரிந்தது. வலி தெரியாமல் போனார்.

ஆஸ்பத்திரியில் அவரைப் புரட்டிக் கழுவிய தாதிமாருக்கு எங்கள் நன்றி. கபுறு வெட்டியவர்களுக்கும், ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், மூன்று நாள் சோறு சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் நன்றி. தன் கணவர் இறந்த கிழமையே அவருடைய சப்பாத்துகளை மினுக்கி மாம்புரியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து தந்த கிறிஸ்தவ அக்காவுக்கு முதல் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது தந்தவர் அவர். சிரித்தவர்களுக்கு நன்றி இல்லை. அலுமாரி திறந்துதான் இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளும் வரலாம்.

ஒன்று பாக்கி. ராத்தாவிடம் நல்லதாக ஒரே ஒரு சாரி இருந்தது, கருநீலம். அதை அலுமாரியில் போட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மணம் அதில்தான் மிச்சம் இருந்தது. பூட்டி வைத்தேன். சஹன் கழுவாத வீட்டுக்காரரைத் திட்டுகிற நானேதான் பூட்டி வைத்தேன். போன கிழமை பக்கத்து வீட்டு மகள் வந்தார். ஆஸ்பத்திரியில் ராத்தாவோடு மாறி மாறி நின்ற பிள்ளை, பட்டம் முடித்தவர். ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை, சாரி கட்ட வேண்டும். அலுமாரியில் இருந்த சாரி எதுவும் அதற்குச் சரியில்லை. நான் பூட்டைத் திறந்து, சாரி மடிப்புக்குள் ஒரு கராம்புப் பையை வைத்துக் கொடுத்தேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் பின்னேரம் கொண்டுவந்தார். கொடுக்காமல் வாசலிலேயே நின்றார்.

“கழுவித் தாறன் நானா. கேள்விக்கு மேல கேள்வி. சரியா வேர்த்திட்டு.”

“வேணாம் மகள். அப்பிடியே தா.”

அவர் போன பிறகு முகர்ந்து பார்த்தேன். ராத்தாவின் மணம் அதில் இல்லை. கராம்பு மணமும் ஒரு பிள்ளையின் வேர்வையும் இருந்தன.

சாரி போயிருக்கு, ராத்தா.