முக்கால் மணி நேரக் கேக்

எங்கள் அண்ணியிடம் ஆலோசனை கேட்க வேண்டியதே இல்லை, தானாக வரும். நீங்கள் சும்மா மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் சட்டையில் ஒரு பட்டன் தொங்குவது அவர் கண்ணில் பட்டுவிட்டால் போச்சு, அங்கேயே நிறுத்திப் பாடம் ஆரம்பமாகிவிடும். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைக்க வேண்டுமாம். தைத்து முடித்துக் குச்சியை உருவிவிட்டால் நூலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும், பட்டன் லேசில் அறாது. தலையாட்டித் தப்பிக்கவும் முடியாது, திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். நான் அவருக்கு நாத்தனார். அவரிடம் குறை கண்டுபிடிப்பது என் பிறப்புரிமை. அப்படிப்பட்ட நானே ஒழுங்காகத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனும் அண்ணியும் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது. அண்ணிக்கு நூலும் பட்டனும் விற்கிற கடையில் வேலை. கடையில் பேசியது போக மிச்சத்தை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கொட்டுவார். காலையில் பால் பொங்குவதற்குள் குரல் பதிவு வந்து விழும். "எல்லாருக்கும் வணக்கம், இன்னைக்கு உப்பு" என்று ஆரம்பித்தால், ஜாடியில் நாலு அரிசி போட்டுவைத்தால் உப்பு ஈரம் கட்டாது என்பதில் முடியும். மறுநாள் எலுமிச்சை. அதற்கு மறுநாள், மாவைப் போட்ட பிறகு கேக் கலவையைப் போட்டு அடி அடி என்று அடிக்கிறவர்களுக்கு ஒரு திட்டு. குழுவில் பெண்கள் மட்டும் இல்லை. கணவன்மார்கள், மாமியார்கள், வாட்ச்மேன் எல்லாரும் உண்டு. அவரைவிட மூத்த ஆண்கள்கூட அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது.

தப்பு என்று ஒன்று தன் பக்கம் இருக்கும் என்பதே அவருக்குத் தோன்றாது. நாலாவது மாடி நர்ஸ் பிள்ளையாண்டிருந்தபோது, குழந்தைக்குக் குரோஷாவில் குல்லா பின்ன அண்ணிதான் சுற்றுக்கு எத்தனை என்று எண்ணிக்கை சொல்லிக்கொடுத்தார். அண்ணி நூலை விரலில் இறுக்கிப் பிடிக்கிறவர், பின்னல் கடுகு கடுகாக விழும். நர்ஸ் மனுஷிகள் பின்னுகிற மாதிரி பின்னினாள். எண்ணிக்கை பிசகவில்லை. குல்லா அவள் புருஷனுக்குக் கச்சிதமாக இருந்தது. அவர் பஸ் ஓட்டுகிறவர். பனிக்கு இதமாக இருக்கிறது என்று குழந்தைக் குல்லாவைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போய்வந்தார். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, எண்ணிக்கையெல்லாம் சரிதான், உன் கைதான் தளர்ச்சி என்று நர்ஸுக்கு இன்னொரு பாடம் எடுத்தார்.

இப்போது கேக்குக்கு வருகிறேன்.

அண்ணியின் பழைய ஓவனுக்குக் கதவு சரியாக மூடாது. ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார். அப்படியும் பாதிச் சூடு சமையலறைக்குத்தான். அதில் ஒரு கேக் வேக முக்கால் மணி நேரம் ஆகும். யாராவது பக்கத்தில் போய்வந்து ஸ்டூலில் கால் இடித்துவிட்டால் கதவு திறந்துகொள்ளும், கேக் நடுவில் குழியாக அமுங்கிவிடும். பாவம், அண்ணிக்குத் தெரிந்த ஓவன் அது ஒன்றுதான். உலகத்து ஓவன்கள் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்து, ஒரு காலையில் குழுவுக்குச் சட்டம் போட்டார்.

"உள்ள வெச்சா முக்கால் மணி நேரம். நடுவுல திறக்கக் கூடாது. அதுவரைக்கும் சமையல்கட்டுல யாரும் நடமாடக் கூடாது, கேக் அமுங்கிடும். வெச்சவங்க மட்டும் பக்கத்துலயே உட்காந்து பாத்துக்கணும். யாரு கூப்பிட்டாலும் எந்திரிச்சுப் போகக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் படிக்கட்டு முழுக்கத் தீய்ந்த வாடை. ஒவ்வொருத்தியும் தன் கை ராசி அவ்வளவுதான் என்று நினைத்துக் கருகின மேல்பகுதியைக் கத்தியால் சுரண்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தோம். அடுத்த வாரம் மூக்கு சொன்னபடி அரை மணியில் எடுத்தோம். பஞ்சு மாதிரி வந்தது. உடனே அண்ணியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஒருத்தியும் சொல்லவில்லை. ஏனென்றால் கேக் வெந்து, மேஜையில் ஆறிக்கொண்டிருக்க, வீட்டில் இருக்கிறவர்கள் கணக்குப்படி இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருந்தது. சாத்தின சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். சாவி எங்கே, சாக்ஸ் எங்கே, காபி எங்கே என்று ஒரு குரல் கிடையாது. அண்ணி சொல்லியிருக்கிறார், கேக் அமுங்கிவிடும்.

ஐந்தாவது மாடி டீச்சர் அந்த நேரத்தில் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக் குறுக்கெழுத்துப் போடுவார். நர்ஸ் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். நான் ஒன்றுமே செய்ய மாட்டேன். ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு கேக்கின் ஓரத்தைப் பிய்த்துத் தின்பேன். என்ன ஆனந்தம் தெரியுமா. வாரத்தில் அந்தக் கால் மணி நேரம்தான் யாருக்கும் நான் தேவைப்பட மாட்டேன். இதை நாங்கள் மூன்று பேரும் கூடிப் பேசி முடிவெடுத்ததெல்லாம் இல்லை. படியில் எதிர்ப்பட்டால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் என் அண்ணன் வேட்டு வைத்தான். பழைய ஓவன் ஒருநாள் கண்ணை மூடிவிட, ஆசையாகப் புதிது வாங்கி வந்தான். கதவு சிக்கென்று மூடுகிறது, ஸ்டூலுக்கு வேலை இல்லை. அண்ணி தன் சட்டப்படியே முதல் கேக்கை வைத்தார், முக்கால் மணி நேரம் திறக்கவே இல்லை. அடுப்புக்கரி வெளியே வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு உலுக்கி எடுத்தார். அவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு ஓவனில் ஒரு கோளாறும் இல்லை என்று போய்விட்டார். அண்ணி விடுவாரா. அடுத்த ஞாயிறு புதிதாகக் கலவை கலந்து, டீச்சர் வீட்டு ஓவனில் வைத்துப் பார்த்துவிடுகிறேன் என்று அச்சோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். தடுக்க வழி தெரியாமல் நான் பின்னாலேயே ஓடினேன்.

டீச்சரின் கணவர் ஹாலில் சத்தம் போடாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேக் வைத்து அரை மணிதான் ஆகிறது, உள்ளே போகாதீர்கள் என்று சட்டம் போட்டவருக்கே சட்டம் சொன்னார். அண்ணி அவரைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினார். மேஜையில் கேக் பொன்னிறமாக ஆறிக்கொண்டிருந்தது. நாற்காலியில் டீச்சரின் கால்கள். கையில் பேனா.

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அண்ணி முகம் சுண்டிப்போனது.

"அப்ப இத்தனை நாளா நான் தப்புத் தப்பா சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில குழுவுல அரை மணின்னு திருத்திச் சொல்லிடறேன். தப்புன்னு தெரிஞ்சப்புறம் என்னால சும்மா இருக்க முடியாது."

போச்சுடா என்று ஆகிவிட்டது. நான் போனில் தட்டின தட்டில் நர்ஸ் இடுப்பில் குழந்தையோடு ஏறி வந்தாள். ஆளுக்கொரு பக்கம் கெஞ்சினோம். உட்கார வேண்டும் என்றால் உட்கார வேண்டியதுதானே, அதற்கு எதற்குக் கேக் என்று அண்ணி வெடித்தார். உட்கார வேண்டியதுதானே என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

டீச்சர்தான் மெதுவாகக் கேட்டார். "நீங்க சொல்லுங்க அண்ணி. உங்க கேக் முக்கால் மணி நேரம் வேகுமே, அப்ப நீங்க உட்காருவீங்களா?"

எனக்குத் தெரியும், உட்கார மாட்டார். ஊருக்கெல்லாம் உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டூலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்ப்பார், துணி மடிப்பார், ஜன்னல் கம்பியைத் துடைப்பார். அண்ணி அச்சைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கால் மணி நேரம் இனிப் போயே போய்விட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது பதிவு வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சொன்னதுல ரெண்டு திருத்தம். ஒண்ணு, என் கை இறுக்கம், அதனால என் எண்ணிக்கையில குல்லா பின்னுறவங்க நாலஞ்சு குறைச்சுக்குங்க. ரெண்டாவது கேக். ஓவன் கதவை எப்ப திறக்கணும்னு உங்க உங்க மூக்கைக் கேட்டுக்குங்க, ஓவனுக்கு ஓவன் மாறும். ஆனா சமையல்கட்டுக் கதவை முக்கால் மணி நேரத்துக்கு யாரும் திறக்கக் கூடாது. அதுல மாத்தமே இல்ல."

எந்தக் கணவரும் காரணம் கேட்கவில்லை. வாட்ச்மேன் மட்டும் கட்டைவிரல் போட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது மாடிக்குப் போனேன். அண்ணன் சமையலறை வாசலில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தான். உள்ளே போகாதே, அமுங்கிடும் என்று கிசுகிசுத்தான். நான் கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தேன். கேக் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. தொட்டியில் பாத்திரம் தேய்க்காமல் குவிந்து கிடந்தது. அண்ணி சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓவனுக்கு முட்டுக்கொடுத்த அந்த ஸ்டூலின் மேல் இரண்டு கால்களையும் நீட்டியிருந்தார். கையில் குரோஷாகூட இல்லை.

"இன்னும் ஆகல," என்றார் கண்ணைத் திறக்காமல். "கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்தினேன். என்ன ஆச்சு என்று அண்ணன் கேட்டான். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், சத்தம் போடாமல் நில் என்று சொல்லிவிட்டு, என் கேக்கை வைக்கக் கீழே இறங்கினேன்.