முள்ளுமுருங்கை விமானம்

நாற்பது வயதுக்கு மேல், மீசையில் நரை விழுந்த பிறகு, அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் ஒரு பொம்மை விமானம் செய்தேன். விளையாட்டுக்குச் செய்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். உத்தியோக மாற்றலுக்காகச் செய்தேன். மாற்றல் வாங்க வேறு வழி தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவிலும் பர்மாவிலும் குண்டு விழுவதாகப் பேப்பரில் போட்டார்கள். கொல்லிமலைக்கு அது மண்ணெண்ணெய்ப் பஞ்சமாகவும் எங்கள் பெரிய ஆபீசரின் உற்சாகமாகவும் வந்து சேர்ந்தது. மலைமேல் எங்களுக்கு ஒரு கிளை ஆபீஸ் உண்டு. ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, ஒரு பீரோ, ஒரு குமாஸ்தா. குமாஸ்தா நான். மலைக்கு அன்று ரோடு கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும். பெரிய மனிதர்கள் என்றால் ஆள் சுமக்கும் டோலி. எப்படி ஏறினாலும் மலைக்காய்ச்சல் நிச்சயம். அதற்குக் கொயினா மாத்திரை தின்று தின்று என் காதில் எப்போதும் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். விமானச் சத்தம் எனக்கு அந்த வகையில் பழக்கமாகிவிட்டிருந்தது.

என் மனைவி நாமக்கல் பக்கத்தில் தன் பிறந்த வீட்டில் இருந்தாள். சொந்த நிலத்தில் பாடுபடும் குடும்பம், காரியக்காரி. மலைக்கு வருவதற்கில்லை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“நீங்க எறங்கி வாங்க. நான் ஏறி வரமாட்டனுங்க. ரெண்டு பேரும் காய்ச்சல்ல படுத்துக்கிட்டா கஞ்சி காய்ச்ச ஆரு இருக்கறா?”

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நான் வக்கீலுக்குப் படித்தவனல்ல. ஆகவே மலையிலிருந்து இறங்குவது ஒன்றே என் வாழ்க்கையின் லட்சியமாக இருந்தது.

பெரிய ஆபீசருக்கு விமானப் பித்து. யுத்த நிதிக்காக அங்கங்கே கண்காட்சி நடத்தினார். ஒவ்வொரு ஆபீசும் ஒரு போர்விமான மாதிரி செய்து வைக்க வேண்டும். அவரே வந்து பார்ப்பார். பார்த்து மனம் குளிர்ந்தால் கேட்டதைக் கொடுப்பார் என்று பியூன்கள் பேசிக்கொண்டார்கள். கீழே எங்கேயோ ஒரு குமாஸ்தா அட்டையில் ஒன்றை ஒட்டி வைத்து, மாமனார் ஊருக்கே மாற்றல் வாங்கிவிட்டானாம். அட்டைக்கே மாமனார் ஊர் என்றால் மரத்துக்கு என்னதான் கிடைக்காது?

விமானத்தை நான் பார்த்ததே வெல்லம் கட்டி வந்த பேப்பரில்தான். ஸ்பிட்ஃபயர் என்று படத்தின் அடியில் போட்டிருந்தது. வால் இருந்த இடத்தில் பாகு ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டதால், வாலை என் சொந்தக் கற்பனையில் செய்ய வேண்டியதாயிற்று.

மரத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் போனேன். மலையிலேயே திருப்புலி நாடு என்கிற பகுதிக்காரர், மிளகு போட்டிருந்தார்.

“கவுண்டரே, லேசான மரமா ஒண்ணு வேணும்.”

“எம்புட்டு லேசுங்க சாமி?”

“பறக்கற அளவுக்கு லேசு.”

அரிவாளை எடுத்து ஒரு முள்ளுமுருங்கைக் கிளையை வெட்டிக் கொடுத்தார். சாம்பாரில் போடுகிற முருங்கை அல்ல. மிளகுக் கொடி பற்றி ஏறுவதற்காகத் தோட்டம் முழுக்க நட்டு வைக்கிற மரம். தக்கை மாதிரி இருக்கும். பென்சில் சீவும் என் கத்திக்கே இணங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளை ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சிறுத்து, பிறவியிலேயே விமானத்தின் உடம்பாக இருந்தது. பட்டையை உரித்துச் செதுக்கினால் இயற்கையான வடிவம் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முள்ளை மட்டும் சீவினேன். சோம்பலுக்கு அவ்வளவு கௌரவமான காரணம் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. இறக்கைக்குத் தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகை. படத்தில் இரண்டு இறக்கையும் வாழையிலை நுனிபோல் வளைந்திருந்தன. நான் அறுத்ததில் ஒன்று வாழையிலையாகவும் மற்றது பூவரச இலையாகவும் வந்தது. விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்குச் சோடா பாட்டில் கோலி. மூக்கில் சுழலும் விசிறிக்குப் பிஸ்கட் டின் தகரம்.

வர்ணம்தான் பெரும்பாடு. பச்சை, ஆபீஸ் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த எண்ணெய் வர்ணம். பழுப்புக்குக் காவிப்பொடியை விளக்கெண்ணெயில் குழைத்தேன். அது காயவே காயாது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தொட்டவர்கள் எல்லோரும் உள்ளங்கை அளவுக்குச் சந்நியாசம் வாங்கிக்கொண்டார்கள். அதைத் துடைத்தெடுத்துவிட்டு முழுக்கக் கதவுப் பச்சையையே அடித்தேன். உடம்பின் இரு பக்கமும் வட்டச் சின்னம் வேண்டும். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, நீலத்துக்குச் சலவை நீலம், நடுச் சிவப்புக்குக் கோயில் குங்குமம். போருக்குப் போகிற விமானம் பொட்டு வைத்துக்கொண்டு நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்டதுபோல் இருந்தது.

மிளகுக்காரர் தினமும் வந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

“இது ஆரைங்க சாமி சுடும்?”

“ஜப்பான்காரனை.”

“அவன் எங்கீங்க இருக்கறான்?”

“பர்மாவுல.”

“அப்பறம் இங்க எதுக்குங்க செய்யறீங்க?”

“நான் நாமக்கல் போறதுக்கு.”

தலையை ஆட்டிக்கொண்டார். “அதுக்கு நடந்தே போயிரலாங்களே.”

விமானம் முடியும் தறுவாயில் எனக்குக் காய்ச்சல் கண்டது. லீவு போட்டுவிட்டுக் கீழே மனைவியிடம் போக வேண்டியதாயிற்று. ஆபீசில் எலித் தொல்லை. ஆகவே விமானத்தை மிளகுக்காரரிடம் ஒப்படைத்தேன்.

“நான் வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சிருங்க கவுண்டரே. காஞ்சு வெடிச்சிரப் போகுது.”

“நம்ம கையில குடுத்துட்டீங்கல்ல? காய உட்ருவனுங்களா?”

கீழே நான் காய்ச்சலோடு மல்லுக்கட்டியதில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. பெரிய ஆபீசர் மலைக்கு வருகிற செய்தி கிடைத்ததும் எழுந்து புறப்பட்டேன். “இந்தத் தடவை மாத்தலோட வாங்க” என்று மனைவி கட்டுச்சோற்றுடன் வழியனுப்பினாள். மூச்சு வாங்க ஏறி நேரே மிளகுக்காரர் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் ஆபீசர்.

மிளகுக்காரர் என்னைப் பலாமர நிழலுக்கு அழைத்துப் போய் ஈரச் சாக்கை விலக்கினார்.

விமானம் மூக்கு மண்ணில் புதைந்து, வால் வானத்தைப் பார்க்க நின்றது. சுட்டு வீழ்த்தப்பட்டதாகப் பேப்பரில் போடுகிற எதிரி விமானங்கள் இப்படித்தான் கிடக்கும்போலும். வால் நுனியில் ஓர் உருண்டைச் சாணி. முள்ளுமுருங்கைக் கொம்பு எது கைக்கு வந்தாலும் மலையில் அப்படித்தான் செய்வார்கள்: பருத்த முனையை ஈரமண்ணில் ஊன்றி, மேல்முனை காயாதிருக்கச் சாணி வைத்து, நிழலில் விடுவார்கள். கொம்பைப் பத்திரமாக வைப்பது என்றால் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கதவுப் பச்சையைப் பிளந்துகொண்டு இறக்கைக்கடியில் இரண்டு துளிர், வாலோரம் ஒரு கொத்து. மும்மூன்று இலையாகப் பளபளவென்று விரிந்திருந்தன.

“பாருங்க சாமி, ஒரு கணுகூடப் பழுது போகலீங்க.” அவர் முகத்தில் பேரன் பிறந்த களை. மடியிலிருந்து தகர விசிறியை எடுத்து நீட்டினார். “இது மொளைக்காதுன்னு தனியா எடுத்து வெச்சுட்டனுங்க.”

ஒரு துளிரைப் பிடித்து இழுத்தேன். அதோடு பட்டையும், பட்டையோடு ஒரு பக்கத்துப் பொட்டும் உரிந்து வந்தன.

“வேண்டாஞ் சாமி! வேர் புடிச்சிருக்குது!”

பிடித்துத்தான் இருந்தது. பிடுங்கி எடுத்தபோது மூக்கிலிருந்து வெள்ளை வேர்கள் மீசைபோல் தொங்கின. சாணியைக் கழுவி, மீசையின்மேல் விசிறியை மாட்டி, கடவுள்மேல் பாரத்தைப் போட்டேன்.

மறுநாள் சோளக்காடு என்கிற மலையூரின் சந்தைத் திடலில், கண்காட்சிக்காகப் பெரிய ஆபீசர் டோலியை விட்டு இறங்கினார். விமானம் வைத்திருந்த மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“என்னய்யா இது?”

“விமானங்க ஐயா.”

“அது சரி. இலை?”

பொய் சொல்வதில் எனக்கு எப்போதுமே தாமத புத்தி. அன்று மட்டும் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. “மறைப்புங்க ஐயா. மேலேருந்து பார்க்கிற எதிரிக்குக் காடு மாதிரி தெரியும்.”

ஓர் இலையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. “நிஜ இலை!”

“வெட்டி ஒட்டினா வாடிடுங்க ஐயா. இது தானா வளரும்.”

“அடுத்த வருசத்துக்குள்ள ஆள் ஒசரம் வந்துருமுங்க சாமி” என்று கூட்டத்திலிருந்து மிளகுக்காரர் சாட்சி சொன்னார்.

ஆபீசருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தைக்கு வந்த சனங்களை உட்காரவைத்து, மறைந்திருந்து போரிடுவதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். வாழைத்தார் விற்க வந்தவர்கள் தப்பிக்க வழியில்லாமல் கேட்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு என்னய்யா வேணும்? கேளு.”

“கீழே மாற்றல் வேணுங்க ஐயா. நாமக்கல்லுக்கு.”

சிரித்தார். என் தோளில் கை வைத்தார். “நாமக்கல்ல உனக்கு என்ன மரம் இருக்கு? இந்த மலையை இப்படிப் புரிஞ்சு வெச்சிருக்கிற ஆளை நான் எடுப்பேனா? யுத்தம் முடியற வரைக்கும் உன்னை ஒருத்தனும் இங்கேயிருந்து அசைக்க முடியாது. நான் பார்த்துக்கறேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மிளகுக்காரர் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார்.

விமானத்தை நன்றாக வளர்க்கும்படி உத்தரவு. மிளகுக்காரர் அதை ஆபீஸ் வாசலிலேயே, மூக்குக் கீழாக, மறுபடி நட்டார். பக்கத்தில் ஒரு மிளகுக் கொடியும் வைத்தார். மிச்சமிருந்த பொட்டு மழையில் கரைந்தது. கோலியை ஒரு காக்காய் கொத்திக்கொண்டு போயிற்று. மரம் மட்டும் அரசாங்கச் சொத்தின் செருக்கோடு வளர்ந்தது.

“எறக்கையக் கழட்டிப்புடலாங்களா சாமி? கொடி ஏறத் தடையா இருக்குது.”

“அது போர்விமானம், கவுண்டரே” என்றேன். எனக்கென்று மிஞ்சியிருந்த கௌரவம் அந்த இரண்டு பலகைத் துண்டுதான்.

நான் இறங்குகிற வழியாகத் தெரியாததால், மழைக்காலம் கழிந்து மனைவியே ஒருநாள் ஏறி வந்தாள். தலையில் அரிசி மூட்டை, மடியில் கொயினா. வாசலில் இறக்கை முளைத்த மரத்தைக் கண்டு நின்றாள். முழுக்கதையையும் நின்றபடியே சொன்னேன். மரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூட்டையை இறக்கி வைத்தாள்.

“அப்பறம் எறக்கை எதுக்குங்க? நீங்க ரெண்டு பேரும் இனி எங்கயும் போறாப்பல தெரியலீங்களே.”