பதினொன்றிலேயே நின்ற பூனைகள்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் பதினொரு பூனைகள் இருந்தன. 'ஏறக்குறைய' என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது, பதினொன்று. மாத்திரை, மாடிப்படி, மருமகள் அணைக்க மறந்த விளக்கு என்று இன்று எதையும் எண்ணித் தொலைக்கும் வழக்கம் அந்தப் பூனைகளில் தொடங்கியது.

வீட்டில் ஆறு பேர்: அப்பா, அம்மா, இரண்டு அக்காமார், நான், அம்மாவின் தம்பியான மாமா. வேலையில்லாத மாமாவுக்கு ஜன்னலோரத்தில் ஒரு பாய்.

நகராட்சிக் குப்பை வண்டியைப் பகலெல்லாம் தள்ளிவிட்டு வந்து அப்பா சாப்பிட உட்கார்ந்த ஒருநாள், தட்டிலிருந்த பொரித்த மத்தியைப் பூனை கவ்விப் போயிற்று.

"மச்சான், ஓணத்துக்குள்ள இந்தப் பூனைங்கள ஒழிச்சுடு. இல்லேன்னா ஏலூர்ல கம்பெனி வேலைக்குப் போயிடு" என்றார் அப்பா, மாமாவிடம்.

மாமா போய்விட்டால் எனக்குப் பட்டம் கட்டித்தர ஆளில்லை. நானும் சாக்கோடு இறங்கினேன். நான்கைப் பிடித்தோம். திரும்பி வந்தால் அடையாளம் தெரியட்டும் என்று, துணிக்குப் போடும் நீலத்தை வால்களில் தடவி, படகேறி வல்லார்பாடம் தீவில் விட்டுவந்தார் மாமா. மீதி ஏழு. இரண்டே மாதத்தில் மறுபடி பதினொன்று. ஒரு வாலிலும் நீலம் இல்லை.

"நீந்தி வந்ததுல வெளுத்துப்போச்சுடா" என்றார் மாமா.

சந்து முனையில் மீன் வெட்டும் சேச்சி சிரித்தாள். "கொண்டு போ சேட்டா, கொண்டு போ. ஞான் இங்க இலை போட்டிருக்கேன். பந்திக்கு வேற ஆள் வரும்!" என்றபடி ஒரு மீன்தலையை வீசினாள்.

ஓணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது மகளின் பிரசவத்துக்காக அவள் கும்பளங்கிக்குப் போனாள். பூனைகள் எட்டாயின, ஐந்தாயின, மூன்றாயின. சாக்கைத் தொடாமலேயே மாமா நெஞ்சை நிமிர்த்தினார். அப்பாவே அவருக்குச் சாயா வாங்கித் தந்தார்.

சேச்சி திரும்பி வந்தாள். ஓணத்தன்று இலை முன்னால் அப்பா கேட்டார்: "எத்தனைடா இப்போ?"

மாமா கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு எண்ணில் பொய் வராது.

"பதினொண்ணுப்பா."

பாயசத்துக்குக் காத்திராமல் மாமா எழுந்து பெட்டியைக் கட்டினார்.

அடுத்த மாதம் டைப்பிங் படிக்கப் பாலக்காட்டிலிருந்து அத்தை மகன் வந்தான். ஜன்னலோரப் பாய் அவனுக்கு. அம்மாவின் பானையில் சோறு கூடவுமில்லை, குறையவுமில்லை. விஷுவுக்கு வந்த மாமா கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, படுக்க இடமில்லாமல் மாலையே கிளம்பினார். என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு பஸ் வரைக்கும் கூடப் போனேன்.

"மாமா, இந்தப் புதுப் பயல சாக்குல போட்டு வல்லார்பாடத்துல விட்டுடலாமா?"

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேண்டாம்டா. வேற ஒருத்தன் வருவான்."

அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணினேன். ஆறு பேர். கணக்கு சரியாகத்தான் இருந்தது.