சத்தியநாதன் நிமிர்த்திய ஒயர்

மேற்குத் தாம்பரம் சத்தியநாதனுக்கு இன்னும் யாரும் சிலை வைக்கவில்லை. இடம் கிடைக்காததுதான் காரணமாக இருக்கும். தகுதியில் குறை கிடையாது.

கோணலைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. போதகர் பிரசங்கித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், சாய்ந்திருந்த சுவர்க் கடிகாரத்தை நேராக்கியவர். போதகர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு சீக்கிரம் முடித்தது சபைக்குக் கிடைத்த உபரி நன்மை.

திருமுடிவாக்கத்தில் கேசவனின் சின்னப் பட்டறையில் அவருக்கு வேலை. 1996-இல் தகட்டில் துளை போடும் இயந்திரம் ஒன்றைத் தானே செய்தார். அதன் மூளை, நாற்பது காலோடு பூரான் போலிருந்த ஒரு மைக்ரோகண்ட்ரோலர். எங்கெங்கே துளை என்று பொத்தானை அழுத்தி அழுத்திச் சொல்லித்தர வேண்டும். கரண்ட் போனால் அத்தனையும் மறந்துவிடும். அங்கே கரண்ட் போவது சூரியன் மறைவதைவிட ஒழுங்காக நடந்தது.

கேசவன் பொறுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு ஞாபகசக்தி வராவிட்டால் காயலான் கடைதான் என்று சொல்லிவிட்டார்.

சத்தியநாதன் பதறவில்லை. ரிச்சி தெருவில் பழைய ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றும், அதைக் கம்ப்யூட்டரில் மாட்டும் பட்டை ஒயரும் வாங்கிவந்தார். துளைக் கணக்கை ஃப்ளாப்பியில் எழுதிவிட்டால், கரண்ட் வந்ததும் பூரான் தானே படித்துக்கொள்ளும். ஒயரின் ஒரு முனையில் மட்டும் சில இழைகள் முறுக்கிக்கொண்டிருந்தன. தயாரித்தவனின் கவனக்குறைவை மன்னித்து, முறுக்கை வெட்டி, இழை இழையாக நேராக்கிப் பற்றவைத்தார். அப்படியொரு சால்டரிங்கைத் தொழிற்பேட்டை கண்டதில்லை. டிரைவின் பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை.

கோளாறு புரோகிராமில்தான் என்று நினைத்து, அதை மாற்றி மாற்றி எழுதினார். அதற்குள் வெள்ளிக்கிழமையும், காயலான் கடைக் குப்பனின் மூன்றுசக்கர வண்டியும் வந்துவிட்டன.

"இன்னா சார், ஏத்திடலாமா? பல்லாவரம் வேற போவணும் நானு."

கேசவன் தரையைப் பார்த்தார். "விட்ருங்க சத்தியநாதன். இவ்ளோ செஞ்சதே பெரிசு."

வண்டியில், ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வயிறு திறந்து கிடந்தது. அதன் பட்டை ஒயரிலும் அதே இடத்தில் அதே முறுக்கு. அதையும் நிமிர்த்திவிடும் உத்தேசத்தில் சத்தியநாதன் கட்டரோடு குனிந்தார், குனிந்தபடியே நின்றார். இரண்டு கம்பெனிக்காரனும் ஒரே இடத்திலா தூங்கியிருப்பான்?

"சார், அந்த முறுக்கு வேணும்னே வெச்சது," என்றார் மெதுவாக.

டிரைவைக் கூப்பிடும் இழையும் மோட்டாரைச் சுழற்றும் இழையும் அந்த முறுக்கில்தான் இடம் மாறி டிரைவுக்குப் போகின்றன. அவர் நிமிர்த்தியதிலிருந்து, பூரான் டிரைவின் செவிட்டுக் காதில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

குப்பன் தன் வண்டியில் கிடந்த கம்ப்யூட்டரின் ஒயரையே உருவி நீட்டினார். "இத்த மாட்டிக்கோ சார். சும்மாதான கீது."

சாதாரண மனிதர்களும் சத்தியநாதனும் பிரியும் இடம் இது. "நான் நேராக்கினது நேராவே இருக்கட்டும்," என்றவர், பூரான் இருந்த போர்டில் இணைப்புகளைக் கழற்றி, டிரைவ் கேட்கும் இடத்துக்கு மாற்றிப் பற்றவைத்தார். போர்டில் ஒயர்கள் இப்போது குறுக்கும் நெடுக்குமாகப் போயின. அதன்மேல் மூடியைப் போட்டுவிட்டார்.

பச்சை விளக்கு எரிந்தது. துளைக் கணக்கைக் கடைசி முறையாகப் பொத்தானில் அழுத்தி ஃப்ளாப்பியில் எழுதி முடித்ததும், வழக்கம்போல் கரண்ட் போனது. யாரும் நகரவில்லை. பல்லாவரம் போக வேண்டிய குப்பனும்தான்.

கரண்ட் வந்தது. டிரைவ் கரகரவென்று தொண்டையைச் செருமியது. பொத்தானை ஒருவரும் தொடாமலே இயந்திரம் முதல் துளையைப் போட்டது, அடுத்ததையும் போட்டது. கேசவன் அந்தத் தகட்டை எடுத்து, துளை வழியாகச் சத்தியநாதனைப் பார்த்தார்.

"இது நம்ம வண்டிக்கு வராது," என்று குப்பன் கிளம்பினார்.

சத்தியநாதன் அவரை நிறுத்தி, வண்டியின் ஹேண்டில்பாரை நேராக்கிக் கொடுத்தார். குப்பன் கேட்கவில்லைதான்.