அசனத்துக்குப் போகாதவர்களின் கூலி

என் மனைவிக்கு ரவிக்கை தைத்துத் தரும் தாராவிப் பெண் ஒருநாள் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேடி வந்தது என்னை. பகலில் அவருக்குப் பை தைக்கும் கார்கானாவில் வேலை.

"சேட் பேச்ச மாத்துதாரு சார்."

அங்கே தைப்பவர்கள் எல்லோரும் ஒவ்வொரு மே மாதமும் திருநெல்வேலிப் பக்கம் தங்கள் ஊர்க் கோயில் அசனத்துக்குப் போவார்கள். ஊரே கூடிச் சாப்பிடும் அந்த விருந்துக்காகக் கார்கானாவையே மூடுவது வழக்கம். இந்த ஆண்டு பெரிய ஆர்டர். ஊருக்குப் போகாமல் தைத்துக் கொடுத்தால் இனிமேல் கூலியைக் கூட்டித் தருவதாக, சேட் என்று அவர்கள் கூப்பிடும் முதலாளி எழுதிக் கையெழுத்திட்டார். இவர்கள் ரயில் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். சரக்கு போனது. வந்ததோ பழைய கூலி.

நான் டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலாளிகள் அடுத்து என்ன சொல்வார்கள் என்பது அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணோடு கார்கானாவுக்குக் கிளம்பினேன்.

முதலாளி செம்பூர்க்காரர், தமிழர். சாய் வரவழைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"என் மாப்பிள்ளை வக்கீல் சார். ஏற்கெனவே ஒத்துண்ட வேலைக்குக் கூலியைக் கூட்டித் தரேன்னு சொன்னா அது செல்லாதாம். புதுசா இவா என்ன குடுத்தா?"

"மாப்பிள்ளை பாதிப் பாடத்தோட எழுந்து வந்துட்டார் போலிருக்கு," என்றேன். "ஒருத்தர் கேட்டுண்டதுக்காக, செய்யக்கூடியதைச் செய்யாம விட்டுக்கொடுத்தா அதுவும் கொடுத்ததுதான். ஒப்பந்தச் சட்டமே சொல்றது. நீங்க கேட்டேள், அவங்க அசனத்தை விட்டாங்க."

"விருந்துச் சாப்பாடெல்லாம் சட்டத்துல வருமா?"

"சாப்பாடா?" என்றார் அந்தப் பெண். "போகலன்னு எங்க மதினி இன்னும் என் போன எடுக்க மாட்டேங்கா. நீங்க சாப்பாடுங்கியளே சேட்!"

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி தயாராக வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். கூட்டுவதாகச் சொன்னதில் பாதி தருவாராம், எல்லோரும் கையெழுத்துப் போட்டால் போதுமாம். வாங்கிப் படித்தேன். முந்தைய உடன்பாட்டுக்குப் பதிலாக இது என்று எழுதியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா பழையது போச்சு. அப்புறம் கடவுளே வந்தாலும் இந்தப் பாதிதான்," என்றேன்.

"கேஸுன்னு போனா வருஷக்கணக்கா இழுக்கும்மா," என்றார் முதலாளி, மிகுந்த கருணையோடு.

"இழுக்கட்டும்." அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "லேபர் ஆபீஸ் நாளைக்கு உண்டுமா சார்?"

"உண்டு. ஆபீசர் சீட்டுக்கு வரத்தான் நேரமாகும்."

"வரட்டும். நாங்க உக்காந்திருப்போம்."

தாளை முதலாளியின் மேசையிலேயே வைத்துவிட்டோம். ஒரு கையெழுத்தும் அதில் விழவில்லை.