வெள்ளைக் கல்லைத் தாண்டி வந்தவள்

எண்பதுகளின் தொடக்கம். தில்லி கரோல் பாக்கில் இருந்தோம். ஒன்பதாம் வகுப்பு முடிந்த மே மாத விடுமுறையில், பல பள்ளி மாணவிகளைச் சேர்த்து, மெஹ்ரௌலிக்கு அப்பால் பாறைக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கவைத்துப் பாறை ஏறக் கற்றுக்கொடுத்தார்கள். "பொட்டப் பிள்ளைய காட்டுல கொண்டு விடுதியளே" என்று அம்மா புலம்பப் புலம்ப, அப்பா என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வந்த அன்றே பயிற்சியாளர் விதிகளைச் சொல்லிவிட்டார். அவரை எல்லோரும் ஹிந்தியில் தீதி, அதாவது அக்கா, என்போம். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும். வீட்டுத் தின்பண்டத்தை ஒளித்துவைக்கக் கூடாது. முகாமைச் சுற்றி வரிசையாக வைத்திருந்த வெள்ளையடித்த கற்களைக் கேட்காமல் தாண்டக் கூடாது. புழுதிப் புயல் வந்தால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து விசில் ஊத வேண்டும். தேடி வருவது பயிற்சியாளர்கள் வேலை. கூடாரத்தில் இருப்பவர்கள் வெளியே வரவே கூடாது. மீறினால் வீட்டுக்குத்தான்.

என் கூடாரத்துத் தோழி ஜனக்புரிக்காரி. தமிழ்ப் பெண்தான், ஆனால் தில்லியிலேயே பிறந்தவள். "உன் தமிழ் ரொம்ப ஃபாஸ்ட் யார், எனக்குப் பாதி புரியலே" என்பாள். தோழி என்பதற்கான ஹிந்தி 'யார்' அவள் பேச்சில் ஒட்டிக்கொண்டே வரும். பாறை நடுவில் என் கால் நடுங்கினால் கீழே நின்றபடி, "கீழே பாக்காதே. என்கூட பேசு. காலையில என்ன சாப்ட்டே?" என்று விடாமல் கேட்பாள். பதில் சொல்லிச் சொல்லியே மேலே போய்விடுவேன். முகாமிலேயே பெரிய பாறை மட்டும் எனக்குப் பாக்கி இருந்தது. கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு, இரண்டே நாளில் அவள் அப்படி ஆகிவிட்டாள்.

ஒரு பிற்பகல், தீதியிடம் சொல்லிவிட்டுக் கற்களுக்கு அப்பால் இருந்த அடிபம்புக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பும்போது வானம் செம்மண் நிறமாகிவிட்டது. ஆந்தி! தீதி சொன்ன புழுதிப் புயல். கண்ணைத் திறக்க முடியவில்லை. சொன்னபடி உட்கார்ந்து விசில் ஊதினேன். காற்றின் இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் எங்கேயோ பழைய கல் குவாரிப் பள்ளம் இருப்பது மட்டும் நினைவில் இருந்தது. பயத்தில் எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றிய நேரத்தில் ஒரு கை என் தோளைப் பிடித்தது.

"எழுந்திருக்காதே. நான்தான்."

கூடாரத்தை விட்டு வந்திருந்த என் தோழி, தன் துப்பட்டாவை இருவர் தலையிலும் போர்த்தி, என்னை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காற்று அடங்கியதும் பார்த்தால், குவாரியின் விளிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தீதி ஓடி வந்து எங்களைக் கட்டிக்கொண்டார். ஆனால் மறுநாள் காலை அவளை வீட்டுக்கு அனுப்ப ஜீப் வந்து நின்றது. நான் அழுதேன், கெஞ்சினேன். மற்ற பெண்களும் கெஞ்சினார்கள்.

"இவளுக்கு விட்டுக் கொடுத்தால், அடுத்த புயலில் எல்லோரும் வெளியே ஓடுவீர்கள். அந்தப் பள்ளத்தில் நான் யாரை என்று தேடுவேன்?" என்று ஹிந்தியில் சொன்னார் தீதி. அவர் குரலும் உடைந்திருந்தது.

அவள் மட்டும் அழவில்லை. "தெரிஞ்சுதான் வந்தேன் யார். நீ போய் அந்தப் பெரிய பாறையை ஏறு, ஜல்தி" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

முகாம் முடிந்ததும் அப்பாவை நச்சரித்து ஜனக்புரிக்குப் போனேன். முகவரி தெரியாது, அவள் அப்பா வங்கியில் வேலை பார்க்கிறார் என்பது மட்டும் தெரியும். அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களில் விசாரித்ததில், ஒரு மாமி சொன்னார்: "அவாளா? போன வாரம்தான் மாத்தலாகிப் போனா. கௌஹாத்தியோ என்னவோ." பூட்டிய கதவையும், பால்கனிக் கொடியில் மறந்துபோன ஒரு கிளிப்பையும் பார்த்துவிட்டு பஸ் ஏறினோம்.

என் பிள்ளைகளை இது போன்ற முகாம்களுக்கு அனுப்பும் வயது வந்தபோது, தீதி செய்தது சரிதான் என்று புரிந்தது. ஆனாலும், ரயிலிலோ கல்யாண வீட்டிலோ என் வயதுப் பெண் யாராவது ஹிந்தி கலந்த தமிழில் பேசினால், இன்றும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.